அல்டூனாவை ஏட்டிலிருந்து எடுத்துவிடாதீர்கள்: மேஜர் லீக் பேஸ்பால் ஆணையர் அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மேஜர் லீக் பேஸ்பால் ஆணையர் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும், அதன் சாதனை ஏட்டில் யார் பெயர் இருக்கலாம் என்று முடிவெடுப்பவர்களுக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கே வருகிறேன். 1884ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்தில் அல்டூனா என்ற ரயில்வே ஊரில் ஒரு தொழில்முறை பேஸ்பால் அணி இருந்தது. ஏப்ரல் 17 அன்று முதல் ஆட்டம், மே 31 அன்று கடைசி ஆட்டம், அவ்வளவுதான் அதன் ஆயுள். 25 ஆட்டத்தில் 6 வெற்றி, 19 தோல்வி. அது ஆடிய யூனியன் அசோசியேஷன் என்ற லீக்கும் அந்த ஒரே சீசனோடு முடிந்துபோனது. அன்றைய பெரிய லீக்குகள் அதைத் தங்களுக்கு அடங்காத அவுட்லா லீக் என்று ஒதுக்கிவைத்தன. ஆனாலும் இன்று உங்கள் ஏட்டில் அந்த லீக்குக்கு மேஜர் லீக், அதாவது உச்ச மட்டத் தொழில்முறை லீக் என்ற தகுதி இருக்கிறது, அல்டூனாவின் அந்த 25 ஆட்டங்களும் அதில் இருக்கின்றன. அவை அப்படியே இருக்கட்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். கூடவே இன்னும் இரண்டு கோரிக்கைகள் உண்டு, அவற்றுக்குக் கடைசியில் வருகிறேன்.

இதை இப்போது கேட்கக் காரணம் இருக்கிறது. 1969இல் ஐந்து பேர் கொண்ட ஒரு குழு உட்கார்ந்து எந்தெந்த லீக்குகள் மேஜர் என்று முடிவுசெய்தது. நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் தவிர அமெரிக்கன் அசோசியேஷன், யூனியன் அசோசியேஷன், பிளேயர்ஸ் லீக், ஃபெடரல் லீக் என்று மொத்தம் ஆறு. கறுப்பின ஆட்டக்காரர்கள் தனியே ஆட வேண்டியிருந்த நீக்ரோ லீக்குகளை அந்த ஐவர் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. அந்த அநியாயத்தை 2020 டிசம்பரில்தான் சரிசெய்தீர்கள், 2024 மே மாதம் அந்த வீரர்களின் புள்ளிவிவரங்களும் ஏட்டில் ஏறின, அவர்களில் ஒருவரான ஜோஷ் கிப்சன் .372 பேட்டிங் சராசரியோடு (ஆயிரம் முறை பேட் பிடித்தால் 372 ஹிட் என்ற கணக்கு) அதுவரை முன்னே இருந்த டை காப்பைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தார். அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் ஏட்டை ஒருமுறை திறந்துவிட்டால் பழைய வாதங்களும் எழுந்து வரும். யூனியன் அசோசியேஷனுக்கு அந்தத் தகுதியே கிடையாது, அதைத் தூக்கிவிட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஏதோ ஓரிருவர் சொல்கிற பேச்சில்லை இது, பில் ஜேம்ஸ் மாதிரி பெரிய ஆய்வாளரே சொன்னது. கிப்சன் ஆடிய ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிக்கு 2020 வரை இல்லாத தகுதி, 25 ஆட்டத்தில் காணாமல்போன அல்டூனாவுக்கு ஐம்பது ஆண்டுக்கும் மேலாக இருந்தது என்று யாராவது சுட்டிக்காட்டினால் அந்தக் கோபம் நியாயமானதுதான். அதற்கு மருந்து, விட்டுப்போனவர்களைச் சேர்ப்பது. அதை நீங்கள் செய்துவிட்டீர்கள். இருப்பவர்களை வெளியே தள்ளினால் கிப்சனுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கப்போவதில்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தை முழுசாகவே சொல்லிவிடுகிறேன், அது பலமான வாதம். யூனியன் அசோசியேஷனில் தரம் சீராக இல்லை. செயின்ட் லூயிஸ் மரூன்ஸ் அணி 94 வெற்றி, 19 தோல்வி. சீசனின் முதல் 20 ஆட்டத்தையும் அந்த அணி வரிசையாக ஜெயித்தது, அதில் அல்டூனாவிடம் எடுத்த வெற்றிகளும் சேர்த்தி. அந்த அணியின் ஃப்ரெட் டன்லப் .412 சராசரியில் அடித்தார். மறு ஆண்டே மரூன்ஸ் நேஷனல் லீக்கில் சேர்ந்தபோது அதே டன்லப் அடித்தது .270, அணி 36 வெற்றி 72 தோல்வியோடு கடைசி இடம். இன்னொரு கோடியில் வில்மிங்டன் குவிக்ஸ்டெப்ஸ் 2 வெற்றி 16 தோல்வி. செயின்ட் பால் அணி ஒன்பதே ஆட்டம் ஆடியது, சொந்த ஊரில் ஒன்றுகூட இல்லை. பிலடெல்ஃபியா அணி ஆகஸ்டில் கலைந்தது, சிகாகோ அணி நடுவழியில் பிட்ஸ்பர்க்குக்கு மூட்டை கட்டியது. இப்படி ஒரு லீக்கை மேஜர் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கிறார்கள்.

சரி, அதே அளவுகோலை மற்ற லீக்குகள் மீதும் வைத்துப் பார்ப்போமே. அதே 1884இல் அமெரிக்கன் அசோசியேஷனில் வாஷிங்டன் அணி 12 வெற்றி 51 தோல்வியோடு ஆகஸ்டில் படுத்துவிட்டது, மிச்ச ஆட்டங்களை ஆட ரிச்மண்டிலிருந்து வேறு அணியைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்கன் அசோசியேஷனை எடுத்துவிடுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. நேஷனல் லீக்கின் முதல் சீசனான 1876இல் நியூயார்க்கும் பிலடெல்ஃபியாவும் வெளியூர் ஆட்டங்களுக்கான கடைசிப் பயணத்துக்குப் போக மறுத்ததால் லீக்கை விட்டே விலக்கப்பட்டன. 1882இல் வூஸ்டர் ஊரில் ஒரு நேஷனல் லீக் ஆட்டத்துக்கு வந்தவர்கள் வெறும் 6 பேர். 1899இல் கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ் கதை எல்லோருக்கும் தெரியும். ஒரே முதலாளிகள் கிளீவ்லாந்தையும் செயின்ட் லூயிஸையும் வைத்துக்கொண்டு, சை யங் உட்பட நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரையும் செயின்ட் லூயிஸுக்கு மாற்றிவிட்டு, மிச்சம் மீதியை வைத்து கிளீவ்லாந்தை ஆடவிட்டார்கள். 20 வெற்றி, 134 தோல்வி. அந்த 154 ஆட்டமும் ஏட்டில் பத்திரமாக இருக்கிறது, இருக்கவும் வேண்டும். சீரற்ற தரம், நடுவில் கலைந்த அணிகள், முதலாளியின் ஓரவஞ்சனை எல்லாம் 19ஆம் நூற்றாண்டு பேஸ்பாலின் பொதுவான நோய்கள். அதே நோய் வந்த மற்ற லீக்குகளை விட்டுவிட்டு, ஒரே சீசனில் செத்துப்போனதை மட்டும் வெளியே போடுவது எப்படி நியாயமாகும்?

அல்டூனா எப்படிச் செத்தது என்பதைக் கொஞ்சம் பாருங்கள். 1849இல் பென்சில்வேனியா ரயில்ரோடு கம்பெனி அலெகெனி மலையடிவாரத்தில் புதிதாக உருவாக்கிய ஊர் அது. மலையேற ரயிலுக்குக் கூடுதல் எஞ்சின் வேண்டும், எஞ்சினைப் பழுதுபார்க்கப் பட்டறை வேண்டும், பட்டறைக்கு ஆள் வேண்டும், இப்படித்தான் ஊர் வளர்ந்தது. 1880 கணக்கெடுப்பில் சுமார் 20,000 பேர். அதே கணக்கெடுப்பில் செயின்ட் லூயிஸில் மூன்றரை லட்சம். பாஸ்டன், சிகாகோ, பிலடெல்ஃபியா, பால்டிமோர் எல்லாம் இருந்த லீக்கில் இது ஒரு பட்டறை ஊர். அந்தக் காலத்தில் மைதான விளக்குகள் கிடையாது, ஆட்டம் பகலில்தான். பகலில் ஊரின் பாதி ஆம்பிளைகள் பட்டறையில் இருந்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆடினால் கூட்டம் வந்திருக்கும், ஆனால் ஞாயிறு ஆட்டத்துக்குப் பென்சில்வேனியா சட்டம் 1930கள் வரை இடம் கொடுக்கவில்லை. செயின்ட் லூயிஸில் அந்தத் தடை இல்லை. நுழைவுக் கட்டணத்தை நம்பித்தான் அணி சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்றால் இந்த ஒரு வித்தியாசமே பாதி விதியை எழுதிவிடும்.

எட் கர்டிஸ் என்பவரின் நிர்வாகத்தில் அந்த அணி வெளியூரில் சீசனைத் தொடங்கி, வரிசையாக முதல் 11 ஆட்டங்களில் தோற்றது. இந்த எண்ணைப் பார்த்ததும் பலரும் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். திருப்பாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள். 11 தோல்வி போக மீதி 14 ஆட்டத்தில் 6 வெற்றி, 8 தோல்வி. அடிவாங்கி அடிவாங்கி நிமிரத் தொடங்கிய அணி அது, ஏறக்குறைய சரிக்குச் சரி ஆடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பணம் தீர்ந்து கடை மூடப்பட்டது. அந்த இடத்தை நிரப்ப வந்த கன்சாஸ் சிட்டி அணி 16 வெற்றி, 63 தோல்வி. அல்டூனாவை மட்டும் கேலிப்பொருளாக்குகிறவர்கள் இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

எதற்காக இப்படி ஒரு லீக்கை ஆரம்பித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கோரிக்கையின் வேரே அங்கேதான் இருக்கிறது. 1879இல் நேஷனல் லீக் முதலாளிகள் தங்களுக்குள் ரகசியமாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒவ்வொரு அணியும் ஐந்து ஆட்டக்காரர்களை ரிசர்வ் செய்துகொள்ளலாம், அவர்களை வேறு எந்த அணியும் தொடக் கூடாது. அதாவது ஒப்பந்தம் முடிந்தபிறகும் அந்த ஆள் அந்த முதலாளிக்குத்தான். கொடுக்கிற சம்பளத்தை வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பேஸ்பாலையே விட வேண்டும். 1883இல் நேஷனல் லீக், அமெரிக்கன் அசோசியேஷன், நார்த்வெஸ்டர்ன் லீக் மூன்றும் கைகோத்து அந்த எண்ணிக்கையை 11 ஆக உயர்த்தின. ஓர் அணியில் இருந்ததே ஏறக்குறைய அவ்வளவு பேர்தான். ஆக, கிட்டத்தட்ட எல்லோரும் கட்டப்பட்டவர்கள்.

அந்தக் கட்டை மதிக்க மாட்டோம் என்று அறிவித்துத்தான் 1883 செப்டம்பரில் யூனியன் அசோசியேஷன் பிறந்தது. செயின்ட் லூயிஸின் பெரும் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளையான ஹென்றி லூகாஸ், அப்போது வயது 26, அதன் தலைவரானார். உடனே எதிர்நடவடிக்கை தொடங்கியது. அங்கே போய் ஆடுகிற ரிசர்வ் ஆட்டக்காரர்கள் கறுப்புப் பட்டியலில் வைக்கப்படுவார்கள் என்ற மிரட்டல் வந்தது. அமெரிக்கன் அசோசியேஷன் எட்டு அணியிலிருந்து பன்னிரண்டாக வீங்கி, புதியவர்களுக்கு ஊரும் கிடைக்காமல் ஆட்டக்காரரும் கிடைக்காமல் நெருக்கியது. இந்த நெருக்கடியில்தான் 20,000 பேர் கொண்ட ஊரும் ஒரு லீக்கின் எட்டு அணிகளில் ஒன்றானது. அல்டூனாவின் பலவீனத்தை மட்டும் காட்டி அது மேஜர் இல்லை என்று சொல்பவர்கள், நல்ல ஆட்டக்காரர்கள் அங்கே போக முடியாதபடி வேலி போட்டவர்கள் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேலி போட்டவர்களின் வாரிசு அமைப்பு உங்களுடையது. உங்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை அழிக்கிற உரிமை மற்ற எல்லோரையும்விட உங்களுக்குக் குறைவு என்பதற்காகச் சொல்கிறேன்.

லூகாஸை நான் தெய்வமாக்கப் போவதில்லை. ஆட்டக்காரர்களின் சுதந்திரத்துக்காக லீக் தொடங்கியவர், கிடைத்த நல்ல ஆட்டக்காரர்களில் பெரும்பாலோரைத் தன் சொந்த அணியிலேயே குவித்துக்கொண்டார். ஒருதலைப்பட்சமான ஆட்டத்தை எத்தனை நாள் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்? ரிசர்வ் விதியைத்தான் மதிக்க மாட்டேன், ஒப்பந்தத்தில் இருப்பவரைத் தொட மாட்டேன் என்று ஆரம்பத்தில் சொன்னவர் சீசன் நடுவில் அதையும் காற்றில் விட்டார். லீக் ஆட்டம் கண்டதும் மரூன்ஸை நேஷனல் லீக்கில் சேர்த்துவிட்டு, தான் திரட்டிய மற்ற அணிகளை அம்போ என்று விட்டுவிட்டார். 1885 ஜனவரியில் மில்வாக்கியில் லீக் கூட்டத்துக்கு வந்தது இரண்டே அணிகள், மில்வாக்கியும் கன்சாஸ் சிட்டியும். அன்றோடு முடிந்தது. தாவிய ஆட்டக்காரர்கள் பிறகு அபராதம் கட்டித்தான் பழைய லீக்குகளுக்குத் திரும்ப முடிந்தது. இதையெல்லாம் மறைத்துவிட்டு அந்த லீக்குக்காக வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் லூகாஸ் செய்த தவறுக்கான தண்டனை அல்டூனாவில் ஆடிய ஆட்டக்காரர்கள் தலையில் ஏன் விழ வேண்டும்?

அவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஜெர்மனி ஸ்மித் என்று அழைக்கப்பட்ட ஜார்ஜ் ஸ்மித், அல்டூனாவின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நின்று பந்தைத் தடுப்பவர்). 108 முறை பேட் பிடித்து 34 ஹிட், சராசரி .315. அணி கலைந்ததும் அதே ஆண்டு நேஷனல் லீக்கின் கிளீவ்லாந்து அவரை எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு புரூக்ளின். 1889இல் அமெரிக்கன் அசோசியேஷன் பட்டத்தையும், நேஷனல் லீக்குக்கு மாறி 1890இல் அந்தப் பட்டத்தையும் புரூக்ளின் வென்றபோது ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்றவர் இவர்தான். இன்று லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் டாட்ஜர்ஸின் மூதாதை அணி அது. பிறகு சின்சினாட்டி, மறுபடி புரூக்ளின், செயின்ட் லூயிஸ் என்று 1898 வரை 15 சீசன் ஆடினார். 1927இல் அவர் இறந்தது அல்டூனாவில். யூனியன் அசோசியேஷனை ஏட்டிலிருந்து எடுத்தால் இவருடைய கணக்கு திடீரென்று கிளீவ்லாந்தில் தொடங்கும், ஒரு ரயில்வே ஊர் அணி கண்டுபிடித்துக் கொடுத்த ஆட்டக்காரர் என்ற உண்மை அடியோடு மறைந்துவிடும். ஸ்மித்துக்காவது மிச்சம் 14 சீசன் பெயரைக் காப்பாற்றும். அல்டூனா ஒன்றே மேஜர் லீக் வாழ்க்கையாக அமைந்த சிலரும் அந்த அணியில் இருந்தார்கள். அவர்கள் பெயர் மொத்தமாகப் போய்விடும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். இந்த லீக்கை மட்டும் தனியே வெட்டி எடுத்தால் 1884இன் மற்ற கதைகள் தொங்கலில் நிற்கும். பிராவிடன்ஸ் அணியின் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், சார்லி ஸ்வீனி ஜூன் 7 அன்று நேஷனல் லீக் ஆட்டம் ஒன்றில் 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றினார். அடுத்த மாதமே அணியோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறி யூனியன் அசோசியேஷனின் செயின்ட் லூயிஸுக்குப் போய்விட்டார். அவர் போனதால்தான் ஓல்ட் ஹாஸ் ராட்போர்ன் என்ற ஒரே பிட்சர் மீது மொத்தப் பாரமும் விழுந்தது, கை தூக்க முடியாத வலியோடு வீசி வீசி அந்தச் சீசனில் 59 ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தார். இனி யாரும் தொட முடியாத சாதனை என்று நீங்களே கொண்டாடுகிற எண் அது. ஸ்வீனி போய்ச் சேர்ந்த லீக் மேஜர் இல்லை என்றால் அவர் எங்கே போனார் என்று எழுதுவீர்கள்? அதே ஜூலையில் ஹ்யூ டெய்லி, இடது கையை இழந்தவர், சிகாகோ யூனியன் அணிக்காகப் பாஸ்டனுக்கு எதிராக வீசி ஸ்வீனியின் சாதனைக்கு ஈடாக நின்றார். வழக்கமான ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் அவர்களைத் தாண்டிப் போக 1986இல் ரோஜர் கிளமென்ஸ் வரவேண்டியிருந்தது. ஒற்றைக் கை மனிதர் ஒருவர் அந்த வரிசையில் நூறு ஆண்டு நின்றார் என்பது பேஸ்பாலுக்கே பெருமை இல்லையா?

அவுட்லா லீக்குகளுக்கு நீங்கள் பட்டிருக்கிற கடன் இதோடு முடியவில்லை. 1914–15இல் வந்த ஃபெடரல் லீக்கும் இப்படி ஒதுக்கப்பட்டதுதான். அதன் சிகாகோ அணிக்காகக் கட்டிய மைதானம்தான் இன்றைய ரிக்லி ஃபீல்ட், ஆண்டுதோறும் அதில் டிக்கெட் விற்கிறீர்கள். அந்த லீக் தொடுத்த வழக்கைத் தீர்ப்புச் சொல்லாமல் கிடப்பில் போட்டு வைத்த நீதிபதி கெனசா மவுண்டன் லாண்டிஸ்தான் பின்னாளில் உங்கள் முதல் ஆணையர். அந்த லீக்கின் பால்டிமோர் அணி சமரசத்துக்கு ஒத்துக்கொள்ளாமல் உச்ச நீதிமன்றம் வரை போய் 1922இல் தோற்றது, பேஸ்பாலுக்கு ஏகபோகத் தடைச் சட்டம் பொருந்தாது என்ற விலக்கு அப்படித்தான் உங்கள் கைக்கு வந்தது. ரிசர்வ் விதியோ 1975 டிசம்பரில் தொழில் தகராறு நடுவர் பீட்டர் சைட்ஸ் தீர்ப்பு சொல்லும்வரை உயிரோடு இருந்தது. 1884இல் அல்டூனா இருந்த பக்கம் கேட்ட அதே விஷயம், 91 ஆண்டு கழித்துத்தான் ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்தது.

அந்த ஏகபோகத் தடை விலக்கு இன்றைக்கும் இருக்கிறது, அதன் எடையைச் சின்ன ஊர்கள் இன்றும் தாங்குகின்றன. 2021இல், மேஜர் அணிகளுக்கு ஆட்டக்காரர்களைத் தயார்செய்யும் மைனர் லீக் அணிகளை 160இலிருந்து 120ஆகக் குறைத்தீர்கள். வெளியே விடப்பட்ட அணிகளில் நான்கு வழக்குப் போட்டன, அது 2023இல் சமரசத்தில் முடிந்தது. அந்த நான்கில் ஒன்று நியூயார்க்கின் டிராய் ஊரில் ஆடுகிற டிரை-சிட்டி அணி. இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் 1882 முடிந்ததும் ஊர் போதாது என்று வூஸ்டரோடு சேர்த்து நேஷனல் லீக் கைகழுவிய அதே டிராய் அது. ஒரே ஊருக்கு இரண்டு முறை, இரண்டுக்கும் நடுவே 138 ஆண்டு. அல்டூனாவுக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்டேட் காலேஜும், பென்சில்வேனியாவின் இன்னொரு பேஸ்பால் ஊரான வில்லியம்ஸ்போர்ட்டும் அந்த வெட்டில் தங்கள் மைனர் லீக் இடத்தை இழந்தன, டிராஃப்டுக்கு, அதாவது மேஜர் லீக் அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளுக்கு, காத்திருக்கும் இளைஞர்களுக்கான லீக் ஒன்றில் அவை ஆடுகின்றன.

அல்டூனா தப்பித்தது. 1999இலிருந்து அங்கே அல்டூனா கர்வ் என்ற டபுள்-ஏ (மைனர் லீக் படிநிலைகளில் ஒன்று) அணி, பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் கிளை அணியாக ஆடுகிறது. ஊருக்கு மேலே மலையை வளைத்து 1854இல் போட்ட ஹார்ஸ்ஷூ கர்வ் ரயில்பாதையின் பெயரைத்தான் அணிக்கு வைத்திருக்கிறார்கள். ஆண்ட்ரூ மெக்கட்சன் பிட்ஸ்பர்க்குக்குப் போகுமுன் ஆடியது அங்கேதான். 2021இல் நீங்கள் கொடுத்த உரிமங்கள் பத்தாண்டுக்கானவை, அதாவது 2030 வரை. அதற்குப் பிறகு எந்த ஊருக்கு அணி, எந்த ஊருக்கு இல்லை என்று மறுபடி ஒரு பட்டியல் உங்கள் மேசைக்கு வரும்.

இனி கோரிக்கைகள். யூனியன் அசோசியேஷனின் மேஜர் லீக் தகுதியைத் தொடாதீர்கள். டன்லப்பின் .412 பக்கத்தில் ஒரு விளக்கக் குறிப்பு போட வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொன்னால் தாராளமாகப் போடுங்கள், எனக்கு அதில் மறுப்பே இல்லை. ஆனால் குறிப்பு போடுகிறவர்கள் ரிசர்வ் விதியையும் கறுப்புப் பட்டியலையும் பற்றி அதே இடத்தில் எழுத வேண்டும். அல்டூனாவின் 6–19ஐ இன்றைக்கு உங்கள் ஏட்டில் பார்க்கிற ஒரு பிள்ளைக்கு ஏதோ கத்துக்குட்டிகள் ஆடியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும், அந்த எண்களுக்குப் பின்னால் ஒரு தொழில் தகராறு இருந்தது என்று தெரிய வழியே இல்லை. நான்கைந்து வாக்கியம் போதும்.

அடுத்தது, அல்டூனாவில் ஒரு நாள். ஏப்ரல் 17 அன்றோ, கர்வ் அணிக்குச் சொந்த ஊர் ஆட்டம் இருக்கும் பக்கத்து நாளிலோ, 1884 அணியின் ஆட்டக்காரர்கள் அத்தனை பேர் பெயரையும் மைதானத்தில் வாசியுங்கள். உங்கள் வரலாற்றுப் பிரிவிலிருந்து ஒருவர் போய் நிற்கட்டும். நீக்ரோ லீக் அணிகளின் சீருடையை மேஜர் லீக் அணிகள் அணிந்து ஆடுகிற நாட்கள் உண்டு, அப்படி ஒரு மரியாதையை ஒதுக்கப்பட்ட மற்ற லீக்குகளின் ஊர்களுக்கும் கொண்டுபோக முடியும். பெரிய செலவில்லை. பைரேட்ஸ் அணி பக்கத்திலேயே இருக்கிறது, அவர்களும் கூட வரலாம்.

கடைசியாக 2030. அந்தப் பட்டியலை எழுத உட்காரும்போது மைதான வசதி, பயணச் செலவு, ஹோட்டல் தூரம் எல்லாவற்றையும் பாருங்கள், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் கதவை மூடிக்கொண்டு முடிவெடுத்து, அணியை இழந்த ஊருக்குக் கடைசியில் செய்தி அனுப்புகிற வழக்கம் மட்டும் வேண்டாம். 1879இல் ரிசர்வ் விதி அப்படித்தான் வந்தது. எந்த அளவுகோலில் அணிகளைத் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள் என்பதை 2029க்குள் பகிரங்கமாக வெளியிடுங்கள், ஆபத்தில் இருக்கும் ஊர்களுக்குக் குறையைச் சரிசெய்ய ஒரு சீசனாவது அவகாசம் கொடுங்கள், அந்த ஊர்க்காரர்களை நேரில் கூப்பிட்டுப் பேசுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஏட்டின் பழைய பக்கங்களை விடாமல் படிக்கும் ஒரு தமிழ் ரசிகன்